மலைக்குளிரில் தொங்குபடுக்கை: முதுகு ஏன் முதலில் குளிர்கிறது?

பள்ளி விடுமுறை நெருங்கினால் மலையேறும் பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. கூடாரத்தைவிட எடை குறைவு, சேற்றில் படுக்க வேண்டியதில்லை, இரண்டு மரங்கள் போதும் என்பதால், ஹேமாக் என்று நாம் சொல்லும் தொங்குபடுக்கையைப் பலரும் இப்போது முதுகுப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் அது சுகமான படுக்கைதான். ஆனால், அதே படுக்கையைத் தித்திவங்சா மலைத்தொடரில் 2,000 மீட்டர் உயரத்தில் கட்டிப் படுத்தவர்கள் காலையில் சொல்வது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: "மேலே போர்வை இருந்தது, முதுகுதான் விறைத்துப்போனது."

மேலே போர்த்திய போர்வையை இரண்டாக்கினாலும் இந்தக் குளிர் போகாது. ஏன் என்பதைப் படிவம் 2 அறிவியலில் நீங்கள் படித்த வெப்பப் பாடமே சொல்லிவிடும். வெப்பக்கடத்தல், வெப்பச்சலனம், வெப்பக்கதிர்வீச்சு ஆகிய மூன்றும் ஒரே இரவில், ஒரே முதுகில் வேலை செய்வதை இங்கே பார்க்கலாம்.

நம் நாட்டில் குளிரா?

இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறைகிறது. தீபகற்ப மலேசியாவின் மிக உயர்ந்த சிகரமான தஹான் மலையின் உயரம் 2,187 மீட்டர். அடிவாரச் சமவெளியில் இரவில் 24 பாகை என்று வைத்துக்கொண்டால், உச்சியில் சுமார் 14 பாகை குறைந்து 10 பாகையில் வந்து நிற்கும். கோர்பு, யோங் பெலார் ஆகிய மலைகளும் ஏறக்குறைய இதே உயரம்தான். கேமரன் மலையில் 1978 பிப்ரவரி 1-ஆம் நாள் 7.8 பாகை பதிவாகியிருக்கிறது.

பனி விழும் நாட்டுக்காரர்கள் 10 பாகையைக் கேட்டுச் சிரிக்கலாம். ஆனால், அவர்கள் அந்தக் குளிருக்கு ஏற்ற உடையோடு வருகிறார்கள். நாம் மழையில் நனைந்த டி-சட்டையோடு, மெல்லிய நைலான் துணியில், காற்றில் தொங்கிக்கொண்டு படுக்கிறோம். உடலின் உள்வெப்பநிலை 35 பாகைக்குக் கீழே இறங்கினால் அது ஹைப்போதெர்மியா எனப்படும் உடல்வெப்பக் குறைவு. அதற்கு உறைபனி தேவையில்லை. ஈரம், காற்று, 10 பாகை, களைத்த உடல் ஆகியவை ஒன்றுசேர்ந்தாலே போதும். கட்டுப்படுத்த முடியாத நடுக்கம், நாக்குழறல், சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாத கைத்தடுமாற்றம் ஆகியவை முதல் அறிகுறிகள். நடுங்கிக்கொண்டிருந்தவர் சூடேறாமலேயே நடுங்குவதை நிறுத்திவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். பக்கத்துப் படுக்கையில் இருக்கும் நண்பன் நள்ளிரவில் உளறினால், தூக்கத்தில் பேசுகிறான் என்று விட்டுவிடாமல் எழுப்பிப் பாருங்கள்.

வெப்ப நாட்டின் படுக்கை

ஹேமாக் என்ற சொல் கரீபியத் தீவுகளில் வாழ்ந்த தைனோ மக்களின் மொழியிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக உலகுக்கு வந்தது. ஈரத்தரை, எறும்பு, பாம்பு இவற்றிலிருந்து தப்பவும், புழுக்கமான இரவில் கீழிருந்து காற்று பட்டு உடல் குளிரவும் ஏற்ற படுக்கை அது. அதாவது, முதுகைக் குளிர்விப்பது அதன் குறை அல்ல, அதன் பயனே அதுதான். அந்தப் பயனை மலைக்குக் கொண்டுபோகும்போதுதான் வம்பு வருகிறது.

தரையில் படுத்தால் முதுகின் வெப்பம் மண்ணுக்குள் கடத்தப்படும். ஆனாலும், உடலுக்கு அடியிலுள்ள மண் சற்று நேரத்தில் கொஞ்சம் சூடேறும், அந்த மண் எழுந்து ஓடிவிடாது. தொங்குபடுக்கையில் அப்படியில்லை. முதுகை ஒட்டிச் சூடான காற்றை அடுத்த நொடியே வீசும் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். புதிய குளிர்காற்று அந்த இடத்துக்கு வரும், அதுவும் சூடாகும், அதுவும் போகும். இரவு முழுவதும் மலைக்காற்றைச் சூடாக்கும் வேலையை உங்கள் முதுகு சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கும்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். சேலையில் தூளி கட்டிக் குழந்தையைப் போடும்போது, உள்ளே ஒரு வேட்டியையோ பழைய துணியையோ நாலாக மடித்து விரித்துவிட்டுத்தான் போடுவார்கள். மழைக்காலம் என்றால் மடிப்பு இன்னும் கூடும். பழைய காலப் போர்க்கப்பல்களில் தொங்குபடுக்கையில் தூங்கிய மாலுமிகளும் உள்ளே ஒரு மெல்லிய மெத்தையை விரித்திருந்தார்கள்.

ஸ்லீப்பிங் பேக் இருந்தும் ஏன் குளிர்கிறது?

மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "தடிப்பான உறக்கப்பை வாங்கியிருக்கிறோம், அது முதுகுப் பக்கமும் சுற்றித்தானே இருக்கிறது?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எந்தப் போர்வையும் வெப்பம் தருவதில்லை. வெப்பம் தருவது உங்கள் உடல் மட்டுமே. தூங்கும் ஒருவரின் உடல் ஏறக்குறைய 70 முதல் 80 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றின் அளவு. போர்வை செய்வதெல்லாம் அந்த வெப்பம் வெளியேறும் வேகத்தைக் குறைப்பது மட்டும்தான்.

அந்த வேலையைச் செய்வதும் பஞ்சோ இறகோ அல்ல, அவற்றுக்கிடையே சிக்கியிருக்கும் காற்று. அசையாத காற்று மிக மோசமான வெப்பக்கடத்தி. நீர் அதைவிட ஏறக்குறைய 24 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஆனால், "அசையாத" என்பதுதான் முக்கியம். காற்றைச் சும்மா ஒரு பெரிய இடைவெளியில் விட்டால் சூடான பகுதியும் குளிர்ந்த பகுதியும் இடம் மாறிச் சுழலும், வெப்பச்சலனம் தொடங்கிவிடும். இழைகளின் வேலை அந்தக் காற்றைச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்து நகரவிடாமல் பிடித்து வைப்பது.

இப்போது உறக்கப்பைக்கு வருவோம். மேல் பக்கம் அது 4 சென்டிமீட்டர் உப்பி நிற்கிறது. கீழ்ப் பக்கமோ உங்கள் எடையால் நசுங்கி 2 மில்லிமீட்டர் ஆகிவிடுகிறது. பஞ்சு அங்கேயேதான் இருக்கிறது, காற்றுதான் போய்விட்டது. தரையில் படுப்பவர் அடியில் பாய் விரித்திருப்பதால் இந்தக் குறை அவருக்குத் தெரிவதில்லை.

உறக்கப்பைகளின் அட்டையில் "10 பாகை வரை ஏற்றது" என்பது போன்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். ஐரோப்பியத் தர அளவையின்படி அந்த எண்ணைக் கண்டறிய, சூடேற்றப்பட்ட மனித உருவப் பொம்மையை உறக்கப்பைக்குள் வைத்துச் சோதிப்பார்கள். அந்தப் பொம்மைக்கு அடியில் வெப்பத்தைத் தடுக்கும் பாய் ஒன்று இருக்கும். பாயில்லாத தொங்குபடுக்கையில் அந்த எண்ணை நம்பிப் படுப்பது, வேறொருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வது மாதிரி.

ஒரு சிறு கணக்கு

எண்களில் பார்த்தால் தெளிவாகும். முதுகுப் பக்கப் பரப்பு அரை சதுர மீட்டர் என்று கொள்வோம். தோலின் வெப்பநிலை 33 பாகை, வெளிக்காற்று 12 பாகை. வேறுபாடு 21 பாகை. ஒரு நொடியில் இழக்கும் வெப்பம், அதாவது வாட் அளவு, பரப்பை வெப்பநிலை வேறுபாட்டால் பெருக்கி, வெப்பத்தடையால் வகுத்தால் கிடைக்கும். மேலே உள்ள பெருக்கல் எப்போதும் 10.5. ஆகவே, வெப்பத்தடையை மட்டும் மாற்றிக்கொண்டே போகலாம்.

மெல்லிய சட்டை, நைலான் துணி, அதன் வெளிப்புறத்தில் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப்படலம் எல்லாம் சேர்த்து, லேசான காற்றில், வெப்பத்தடை சுமார் 0.15. அப்படியானால் இழப்பு 70 வாட். உடல் முழுவதும் உண்டாக்கும் வெப்பம் அநேகமாக முதுகு வழியாக மட்டுமே போய்விடுகிறது! நசுங்கிய உறக்கப்பை இதோடு 0.05 சேர்க்கும், இழப்பு 53 வாட்டுக்கு இறங்கும். அவ்வளவுதான் அதன் உதவி. ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள ஃபோம் பாய் 0.25 சேர்க்கும். அதை மட்டும் விரித்தால் இழப்பு 26 வாட். 4 சென்டிமீட்டர் உப்பிய, நசுங்காத போர்வை அடியில் இருந்தால் 1.0 சேரும், இழப்பு 9 வாட்.

இனி, காற்று பலமாக வீசுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டியிருந்த காற்றுப்படலம் கலைந்து அந்த 0.15 இப்போது 0.09 ஆகிறது. அடியில் ஒன்றுமில்லாதவரின் இழப்பு 70 வாட்டிலிருந்து 117 வாட்டுக்குத் தாவுகிறது. ஃபோம் பாய்க்காரருக்கு 26-லிருந்து 31. அடிப்போர்வைக்காரருக்கு 9-லிருந்து 10-க்கும் குறைவு. ஒரே காற்று, மூன்று பேருக்கு மூன்று விதம். காற்று உள்ளே நுழையாதவரை, நல்ல காப்பு உள்ளவருக்குக் காற்று வீசுவதே பெரிதாகத் தெரியாது.

உண்மையில் 117 வாட் இரவு முழுவதும் போய்க்கொண்டிருக்காது. உடல் தோலுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைக்கும், தோல் குளிரும், வேறுபாடு சுருங்கும், நடுக்கம் தொடங்கிக் கூடுதல் வெப்பம் உண்டாகும். அந்த நிலையைத்தான் நாம் "குளிர்கிறது" என்கிறோம். எனவே, இந்தக் கணக்கைத் துல்லியமான விடையாக எடுக்காமல், எது எதைவிட எவ்வளவு மேல் என்று ஒப்பிடப் பயன்படுத்துங்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஃபோம் பாயிலிருந்து தொடங்குவோம். விலை மலிவு, நனைந்தாலும் நீரை உறிஞ்சாது, ஓட்டை விழாது. காற்றறைகள் மூடியிருப்பதால் உடல் எடையிலும் அதிகம் நசுங்காது. ஆனால், தொங்குபடுக்கையில் அதற்கு இரண்டு தொல்லைகள் உண்டு. புரண்டு படுத்தால் வழுக்கி வெளியே போகும். தவிர, கடையில் கிடைக்கும் பாய்கள் பெரும்பாலும் 50, 60 சென்டிமீட்டர் அகலம். தரைக்கு அது போதும். தொங்குபடுக்கையின் துணியோ தோளைச் சுற்றி மடிந்து பக்கவாட்டிலும் அழுத்தும், அங்கே உறக்கப்பையும் நசுங்கும். ஆகவே, தோள்பட்டைப் பகுதியில் குறுக்காக இன்னொரு துண்டுப் பாயை வைத்து அகலத்தைக் கூட்ட வேண்டும். இரட்டைத் துணி உள்ள தொங்குபடுக்கையாக இருந்தால், இரண்டு துணிக்கும் நடுவே பாயைச் செருகிவிடலாம், நகராது. முதுகு வியர்த்தால் அந்த ஈரம் பாயைத் தாண்டிப் போகாது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் சட்டை லேசாக ஈரமாக இருக்கும்.

காற்றடிக்கும் மெத்தை மெத்தென்று இருக்கும். எல்லா மெத்தையும் வெப்பத்தைத் தடுக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே தடுப்புகளோ இழைகளோ இல்லாத வெறும் காற்றுப்பையில், உள்ளிருக்கும் காற்று சுழன்று வெப்பத்தைக் கீழே கொண்டுபோய்விடும். நீச்சல்குளத்தில் மிதக்கும் மெத்தையை மலைக்கு எடுத்துப் போகக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். மலையேற்றத்துக்கான பாய்களில் ஆர் மதிப்பு என்று ஒரு எண் இருக்கும், கூடக்கூட நல்லது. சாதாரண ஃபோம் பாய்க்கு அது 2-ஐ ஒட்டி வரும்.

மூன்றாவது, அண்டர்குயில்ட் எனப்படும் அடிப்போர்வை. தொங்குபடுக்கைக்கு உள்ளே அல்ல, வெளியே, கீழே, மீள்கயிற்றால் கட்டித் தொங்கவிடும் போர்வை. உங்கள் எடை அதன்மேல் விழாததால் அதன் உப்பல் அப்படியே நிற்கும். தொங்குபடுக்கைக்கென்றே பிறந்த தீர்வு இதுதான். ஆனால், கட்டும் விதத்தில் எல்லாமே இருக்கிறது. தளர்வாகக் கட்டினால் துணிக்கும் போர்வைக்கும் இடையே இடைவெளி விழுந்து, அதில் குளிர்காற்று புகுந்து ஓடும். இறுக்கிக் கட்டினால் போர்வை நசுங்கும். நீங்கள் படுத்த பிறகு நண்பரை விட்டு இடையில் கையை நுழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். போர்வை முதுகை லேசாகத் தொட்டபடி இருக்க வேண்டும். தலைப்பக்கமும் கால்பக்கமும் வாய் திறந்திருந்தால் சுருக்குக் கயிற்றை இழுத்து மூடுங்கள்.

அடிப்போர்வைக்குள் எதை நிரப்பியிருக்கிறார்கள் என்று பார்த்து வாங்குவது அடுத்த கேள்வி. வாத்தின் மார்புப் பகுதியிலிருந்து எடுக்கும் மென்தூவி எடைக்கு எடை மிகச் சிறந்தது. உயர்தரத் தூவி வெறும் 28 கிராம் இருந்தால் 13 லிட்டர் இடத்தை உப்பி நிரப்பும். எட்டு, ஒன்பது பெரிய தண்ணீர் போத்தல்களின் கொள்ளளவு! அமெரிக்காவின் அப்பலேச்சியன் நெடும்பாதையில் மாதக்கணக்கில் நடப்பவர்கள் தூவியை விரும்புவதற்கு இந்த எடைக் குறைவே காரணம். ஆனால், நனைந்தால் தூவி ஒட்டிக்கொண்டு தட்டையாகிவிடும். காற்று வெளியேறி நீர் உள்ளே வரும், 24 மடங்குக் கணக்கு நமக்கு எதிராகத் திரும்பும். பாலியெஸ்டர் இழை எடை கூடுதல், மூட்டையும் பெரிது. ஆனாலும், ஈரமானால்கூட ஓரளவு உப்பல் நிற்கும், சீக்கிரம் காயும். மாலையில் மழை, இரவில் மூடுபனி, பாசி சொட்டும் காடு என்றிருக்கும் நம் மலைகளுக்கு என் ஓட்டு பாலியெஸ்டருக்குத்தான். விலையும் அதற்கே சாதகம்.

தொங்குபடுக்கையோடு மலையேறும் பள்ளிக்குழு ஒன்று என்னிடம் கேட்டால், அடிப்போர்வை வாங்கப் பணம் திரட்ட வேண்டாம் என்றே சொல்வேன். 10, 12 பாகைக்கு ஒரு சென்டிமீட்டர் ஃபோம் பாய், தோளுக்குக் குறுக்குத் துண்டு, மேலே பாலியெஸ்டர் உறக்கப்பை, தாழக் கட்டிய ஃபிளைஷீட் இவை போதும். வீட்டில் பழைய பாலியெஸ்டர் கம்ஃபர்ட்டர் இருந்தால், அதன் நீளப்பக்கங்களை மடித்துத் தைத்துக் கயிறு நுழைத்து அடிப்போர்வையாக்கலாம். கைத்தையல் தெரிந்தவருக்கு ஒரு பிற்பகல் வேலை. பருத்திக் கம்பளி மட்டும் வேண்டாம். அது நீரைக் குடித்துவிட்டுக் காயவே காயாது.

பளபளக்கும் அலுமினியப் படலப் போர்வை பற்றியும் கேட்பார்கள். அது கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும், காற்றையும் தடுக்கும். ஆனால், உடலை ஒட்டி நசுங்கிக் கிடக்கும் இடத்தில் வெப்பம் கடத்தலால் போய்விடும், அங்கே பளபளப்பால் பெரிய பயனில்லை. நீராவி வெளியேற வழியில்லாமல் உட்புறத்தில் துளித்துளியாக நீர் படியும். அவசரத்துக்குப் பையில் இருக்கட்டும், படுக்கையாக அதை நம்ப வேண்டாம்.

ஃபிளைஷீட்டை மழைக்கு மட்டும் என்று நினைக்கிறோம். காற்றுத் திசைக்குக் குறுக்காக, ஓரங்கள் தொங்குபடுக்கைக்கும் கீழே இறங்கும்படி கட்டினால், அது பலத்த காற்றை லேசான காற்றாக்கிவிடும். மேலே பார்த்த 117 வாட்டை 70-க்குக் கொண்டுவரும் வேலை அது, செலவே இல்லாமல். மேகமில்லாத இரவில் உங்கள் உடலிலிருந்து வானத்தை நோக்கிப் போகும் கதிர்வீச்சையும் அது மறிக்கும். இடத்தையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மலை முகட்டில் காட்சி அழகாக இருக்கும், காற்றும் அங்கேதான் அதிகம். முகட்டிலிருந்து சற்றே இறங்கி, காற்று மறைவான பக்கத்தில் கட்டுங்கள்.

படுக்கப் போகுமுன் ஈர உடையை, குறிப்பாகக் காலுறையை, மாற்றிவிடுங்கள். உலர்ந்த உடை ஒரு செட் நெகிழிப்பையில் கட்டி, தூங்குவதற்கென்றே தனியாக வைத்திருக்க வேண்டும். கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், அந்த 75 வாட்டுக்கு எரிபொருள் அதுதான். இறுக மூடிய போத்தலில் சுடுநீர் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வைக்கலாம். அடுப்பையோ கரியையோ ஃபிளைஷீட்டுக்குள் மூட்டிக் குளிர்காய்வது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. நைலான் தீப்பிடிக்கும், கார்பன் மோனாக்சைடோ வாசனையில்லாமல் கொல்லும்.

வீட்டில் செய்து பாருங்கள்

ஒரே மாதிரியான மூன்று 1.5 லிட்டர் போத்தல்களில், 50 பாகை வெந்நீரைச் சம அளவில் நிரப்பி மூடுங்கள். மூன்று துண்டுத்துணிகளைத் தூளிபோல் நாற்காலிகளுக்கு இடையே கட்டுங்கள். முதல் தூளியில் போத்தலை மட்டும் படுக்க வையுங்கள். இரண்டாவதில், தலையணைக்குள் இருக்கும் பாலியெஸ்டர் பஞ்சு 50 கிராமை முதலில் பரப்பி, அதன்மேல் போத்தலை வையுங்கள். மூன்றாவதில் போத்தல் துணியின் மேலேயே இருக்கட்டும், அதே 50 கிராம் பஞ்சைத் தூளிக்கு வெளியே, அடியில், இன்னொரு மெல்லிய துணியால் நசுங்காமல் தாங்கிக் கட்டுங்கள். மூன்றின் மேற்புறத்தையும் ஒரே மாதிரி துவாலையால் மூடுங்கள். மின்விசிறியைத் தரையில் வைத்து மூன்றுக்கும் அடியில் சமமாகக் காற்று போகும்படி திருப்புங்கள்.

40 நிமிடம் கழித்துப் போத்தல்களைக் குலுக்கி, திறந்து, வெப்பநிலையை அளந்து, குறைவைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் திறந்து பார்க்காதீர்கள், நீராவி வழியாக வெப்பம் போய்விடும். பஞ்சு இருக்கும் இடம் தற்சார்பு மாறி. வெப்பநிலைக் குறைவு சார்பு மாறி. நீரின் அளவு, தொடக்க வெப்பநிலை, விசிறியின் வேகம், துணி ஆகியவை கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் பஞ்சின் அளவு ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

பிறகு விசிறியை நிறுத்திவிட்டு, புதிய வெந்நீரோடு முழுவதையும் மறுபடி செய்யுங்கள். இரண்டு முறையும் கிடைத்த ஆறு எண்களைப் பட்டைக் குறிவரைவாக வரைந்து, காற்று நின்றதும் எந்தப் போத்தலின் பட்டை அதிகமாகச் சுருங்கியது, எது அநேகமாக மாறாமல் இருந்தது என்று பாருங்கள்.